இறங்காமல் போனவள்

மணி பன்னிரண்டு… ராத்திரி என்று நினைத்து யாரும் போர்வையை இழுக்க வேண்டாம். பட்டப்பகல் பன்னிரண்டு. சித்திரை வெயில். தார் இளகி, டயர் போகும்போது சர்ரென்று ஒட்டிப் பிரிகிற நேரம்.

இடமும் தூரத்தில் இல்லை. நசரத்பேட்டையில் திரும்பினால், வெளிவட்டச் சாலையை ஒட்டியே நேமிலிச்சேரி வரைக்கும் ஒரு சர்வீஸ் ரோடு போகிறதே, அதுதான். மேலே கன்டெய்னர் லாரிகள் பறந்துகொண்டிருக்கும். கீழே ஒரு ஈ காக்கை இருக்காது. ஒரு பக்கம் கருவேலம் புதர். இன்னொரு பக்கம் மஞ்சள் கல் நட்டு, விற்காமல் கிடக்கிற மனைகள். நடுவில் அந்த ரோடு… வெயிலில் பாம்புச்சட்டை மாதிரி மினுங்கிக்கொண்டு.

நடந்தது என்னோடு வேலை பார்க்கும் அசோக்கின் பெரியம்மா மகளுக்கு. பெயர் நாகவல்லி. முப்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில், லேத்தில் கடைந்து வரும் உருப்படிகளை அளந்து பார்த்துத் தள்ளுகிற வேலை. கல்யாணம் ஆகி, சரிப்பட்டு வராமல், பருத்திப்பட்டில் அப்பாவோடு வந்து இருந்தாள். அப்பா சுப்பராயன் அதே எஸ்டேட்டில் முப்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவர். பேச்சு குறைவு. ஏதாவது கேட்டால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வார், அதுதான் பதில்.

நாகவல்லிக்கு சைக்கிள் பைத்தியம். செகண்ட் ஹேண்டில் ஒரு கியர் சைக்கிள் வாங்கி, விடிவதற்கு முன்னால் ஏரியைச் சுற்றி ஓட்டுவாள். அங்கேதான் ரோஷினி பழக்கமானாள். தூத்துக்குடிப் பெண், ஐ.டி. கம்பெனி, அடுத்த தெருவில் ஃப்ளாட். இரண்டு பேரும் சேர்ந்து முதலில் திருவேற்காடு வரை போனார்கள். பிறகு ஸ்ரீபெரும்புதூர். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரம் போய்த் திரும்புவது என்று முடிவு. நூற்றிருபது கிலோமீட்டர். எங்கேயும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வரக் கூடாது, முழுக்க மிதித்தே வர வேண்டும் என்று இரண்டு பேரும் கையடித்துக்கொண்டார்கள்.

காலை ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். சென்னீர்குப்பம் தாண்டும்போது விடிந்தது. காஞ்சிபுரத்தில் இட்லி, காபி. திரும்பும்போது எதிர்காற்று பிடித்துக்கொண்டது. நசரத்பேட்டை வந்தபோது ரோஷினி சொன்னாள்:

"எக்கா, பூந்தமல்லிக்குள்ள போனா டிராஃபிக்ல செத்துருவோம். சர்வீஸ் ரோட்ல போயிருவமா? நேமிலிச்சேரி போயி ஆவடி பிடிச்சிரலாம்."

நாகவல்லி அந்த ரோட்டில் அதுவரை போனதில்லை. அவளுடைய அப்பா பிறந்து வளர்ந்தது அந்தப் பக்கம்தான் என்று மட்டும் தெரியும். எந்த இடம் என்று கேட்டபோதெல்லாம் அவர் துண்டை எடுத்துக்கொண்டார்.

நாலு கிலோமீட்டர் போனதும் ஒரு நீலத் தார்ப்பாய். கீழே மோர்ப்பானை. விற்கிற அம்மாளின் பெயர் வேம்புலியம்மாள். இரண்டு பேரும் இறங்கி ஆளுக்கு இரண்டு தம்ளர் மோர் குடித்தார்கள். அந்த அம்மாள் நாகவல்லியின் முகச்சாடையைப் பார்த்து, யார் மகள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அப்போதுதான் அதைப் பார்த்தார்கள்.

தண்ணீர் கேன் கட்டிய மொபெட்டில் ஒருவர் வந்தார். நன்றாக வந்துகொண்டிருந்தவர், கொஞ்ச தூரம் தள்ளி இன்ஜினை அணைத்தார். இறங்கினார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார். கொதிக்கிற தாரில் வெறுங்காலோடு, குதித்துக் குதித்து, அத்தனை கேனையும் வைத்து வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். நூறடி போனதும் செருப்பைப் போட்டார். ஏறினார். போய்விட்டார்.

"இன்னாத்துக்கு எறங்கினு போறாரு?" என்றாள் நாகவல்லி.

வேம்புலியம்மாள் மோரைக் கலக்கிக்கொண்டே கையைக் காட்டினாள். புதருக்குள் இரண்டு கருங்கல் தூண்கள் நின்றன. நடுவில் கேட் இல்லை. பின்னால் வீடும் இல்லை. முள்ளும் செங்கல் குவியலும்தான்.

"பெரிய மிராசு ஊடு. ரோடு போட வந்தவனுங்க ஊட்ட இடிச்சானுங்க. தூண மட்டும் பேக்க முடில. அந்தக் காலத்துல எங்க ஆளுங்க யாரும் அந்த வாசல்ல சைக்கிள்ல ஒக்காந்துகினு போவக் கூடாது. எறங்கணும். செருப்பு கையில, துண்டு இடுப்புல. நீயும் எறங்கிடு கண்ணு."

"அந்தாளு இப்ப எங்க?"

"செத்து நாப்பது வருசம் ஆவுது."

"அப்பறம் யாருக்கு எறங்கறீங்க?"

வேம்புலியம்மாள் கலக்குவதை நிறுத்தினாள். "எறங்கலனா வண்டி நவுராதும்மா" என்றாள். "அவ்ளோதான் தெரியும்."

ரோஷினிக்குச் சிரிப்பு வந்தது. அந்த அம்மாள் மனம் நோகக் கூடாதென்று அடக்கிக்கொண்டாள். "வாங்கக்கா, வெயிலு கொல்லுது" என்று ஏறி மிதித்தாள். தூண்களுக்கு நேரே போனாள். தாண்டினாள். ஒன்றும் ஆகவில்லை. கையை மேலே தூக்கி ஆட்டினாள்.

நாகவல்லி ஏறினாள். பின்னாலிருந்து வேம்புலியம்மாள், "அந்தப் பொண்ண வுட்ருவான்… நீ எறங்கிடு" என்று சொன்னது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணை விடுவான், தன்னை ஏன் விட மாட்டான் என்று ஒரு விநாடி யோசித்தாள். யோசித்த மாத்திரத்தில் புரிந்தது. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

முதல் தூண் வந்தது.

லாரிச் சத்தம் நின்றது. மேலே லாரிகள் போய்க்கொண்டுதான் இருந்தன, கண்ணால் பார்த்தாள். சத்தம் மட்டும் இல்லை. சக்கரம் சுற்றுகிற டிக் டிக் டிக் மட்டும் கேட்டது… பிறகு டிக்… டிக்… பிறகு அதுவும் இல்லை.

ஒரு வாசனை. வெற்றிலை, பன்னீர்ப் புகையிலை, நீலம் போட்டுத் துவைத்த வேட்டி. அந்தப் பொட்டல் வெயிலில், பிடரிக்குப் பக்கத்தில்.

சீட்டின் பின்பக்கம் அழுந்தியது. யாரோ கொத்தாகப் பிடித்திருந்தார்கள். விரலில் மோதிரம் இருக்க வேண்டும். சீட்டுக்குக் கீழே இருக்கிற இரும்புக் குழாயில் பட்டு 'டிங்' என்றது.

நாகவல்லி எழுந்து நின்று மிதித்தாள். செயின் நறநறத்தது. சைக்கிள் அசையவில்லை. விழவும் இல்லை, பிடித்திருக்கிறார்களே!

"எறங்கு."

கத்தவில்லை. அதட்டக்கூட இல்லை. நூறு முறை சொல்லி, நூறு முறையும் நடந்த ஒன்றைச் சொல்கிற குரல்.

அவளுக்குப் பயம் வந்தது குரலால் அல்ல. அவளுடைய வலது கால் தானாகப் பெடலை விட்டு எழுந்தது. அவள் எடுக்கவில்லை. கால் எடுத்தது. யாரோ பழக்கிவிட்ட மாதிரி, பணிவாக, தரையை நோக்கிப் போனது. இன்னும் நாலு விரற்கடை. அவள் அந்தக் காலைத் தன் கையால் பிடித்துத் திரும்பப் பெடலில் வைத்தாள்.

"மாட்டேன்" என்றாள்.

பின்னால் மூச்சு விடுகிற சத்தம். பிறகு, "சுப்பன் மவதானே நீ?"

தன் அப்பாவை யாரும் அப்படிக் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. கம்பெனியில் சுப்பராயண்ணே. தெருவில் சுப்பராயன் சார். சுப்பன் என்கிற ஆள் யாரென்றே அவளுக்குத் தெரியாது. ஆனால் அந்த ஒரு சொல்லில் ஏரிக்கரை வீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிற மனுஷன் கண் முன்னால் வந்து நின்றார்.

"சுப்பராயன்" என்றாள். "எங்க அப்பா பேரு சுப்பராயன். ஒழுங்கா சொல்லு."

கியரைக் கடைசிவரை இறக்கினாள். ஹேண்டில்பாரைப் பிடித்து, முழு உடம்பையும் பெடலில் போட்டாள். தொடை நடுங்கியது. கண்ணில் வியர்வை. ஒரு அங்குலம்… இன்னொரு அங்குலம். சக்கரம் உருண்டது. பின்னால் தோல் செருப்பு கிரீச் என்றது. பிறகு இன்னொரு கிரீச்.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. பிடித்திருக்கிற கை விடவில்லை. சைக்கிள் ஓரடி போனால் அதுவும் ஓரடி எடுத்து வைத்துத்தான் ஆக வேண்டும்.

"உடமாட்ட இல்ல?" என்றாள் திரும்பாமல். "உடாத. வா."

மிதித்தாள்.

கிரீச்… கிரீச்… கிரீச் கிரீச் கிரீச். இரண்டாவது தூண் பக்கவாட்டில் வந்து பின்னால் போனது. லாரிச் சத்தம் காதில் கொட்டியது. கை விடவில்லை. ஒரு செருப்பு கழன்று ரோட்டில் விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அதற்குப் பிறகு வெறுங்கால். பத்… பத்… பத்… தாரில் ஒட்டி ஒட்டிப் பிரிகிற உள்ளங்கால்.

ரோஷினி ஒரு பாலத்தின் நிழலில் நின்றுகொண்டிருந்தாள். நாகவல்லியைப் பார்த்துச் சிரித்தவள், சிரிப்பைப் பாதியில் விட்டாள். அவள் கண்ணுக்கு ஆள் யாரும் தெரியவில்லை. நாகவல்லியின் சீட் தெரிந்தது. பின்பக்கம் நாலு விரல் பதிந்த மாதிரி நாலு குழி விழுந்து, சைக்கிள் குலுங்குகிற குலுக்கலில் அந்தக் குழிகள் மட்டும் அசையாமல் இருந்தன.

அந்தப் பெண்ணைச் சொல்ல வேண்டும். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடியிருப்பார்கள். அவள் ஏறி, பக்கத்தில் வந்து, சமமாக மிதித்தாள்.

"எக்கா… ஒங்க பின்னாடி…"

"தெரியும். திரும்பாத. ஓட்டு."

"நிறுத்திருவமாக்கா?"

"நிறுத்துனா மூச்சு வாங்கிக்குவான்."

ரோஷினி தன் பாட்டிலை எடுத்து நாகவல்லியின் வாயில் சாய்த்தாள், ஓடுகிற சைக்கிளிலேயே. தண்ணீர் சிந்தியதும் பின்னால் ஏதோ சப்புக்கொட்டியது.

நேமிலிச்சேரி. பட்டாபிராம். மணி ஒன்று. எடை குறையவே இல்லை. நெல் மூட்டையைக் கட்டி இழுப்பது மாதிரி இருந்தது. நூறு கிலோமீட்டர் ஓட்டிய கால்கள் இரண்டும் கட்டை. ஆனால் நாகவல்லிக்கு வேகம் கூடிக்கொண்டே போனது. பின்னால் மூச்சு இரைத்தது. முதலில் மனுஷ மூச்சு. பிறகு விசில் மாதிரி. பிறகு நாய் மூச்சு.

ஆவடியில் சிக்னல் விழுந்தது. இவள் நிற்கவில்லை. நின்ற வண்டிகளுக்குப் பின்னால் வட்டம் அடித்தாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று. பத் பத் பத் என்று அதுவும் கூடவே சுற்றியது. ஒரு ஆட்டோக்காரர் தலையை நீட்டிப் பார்த்தார்.

"இன்னாமே, கிறுகிறுன்னு சுத்தற? செயினுக்கு எண்ணெ போடு. எளைக்குது பாரு, நாயி மாதிரி."

நாகவல்லி சிரித்துவிட்டாள். அந்த வெயிலில், அந்தப் பயத்தில், வாய்விட்டுச் சிரித்தாள். சிக்னல் மாறியது. பறந்தாள்.

பருத்திப்பட்டு ஏரி கண்ணில் படும்போது அந்தக் குரல் மறுபடி வந்தது. "மெதுவா…" அவள் மெதுவாகப் போகவில்லை. கரையோரமாகத் திரும்பினாள். "மெதுவா போ…" அவள் மிதித்தாள். ஏரிக் காற்று முகத்தில் அடித்தது. கடைசியாக, இரைப்புக்கு நடுவில், அந்தக் குரலுக்கு வரவே வராத ஒரு சொல்லைத் தேடி எடுத்து வந்த மாதிரி:

"மெதுவா போம்மா."

ஒரு விரல் விட்டது. இன்னொரு விரல். மோதிர விரல் கடைசியாக, 'டிங்'. சைக்கிள் காகிதம் போல முன்னால் பாய்ந்தது. ரோஷினி அழுதுகொண்டே ஓட்டி வந்தாள். இரண்டு பேரும் நாகவல்லியின் வீட்டு வாசலில்தான் காலைத் தரையில் வைத்தார்கள்.

சுப்பராயன் நாற்காலியில் இருந்தார். நாகவல்லி ஒன்று விடாமல் சொன்னாள். தூண், குரல், அது சொன்ன பெயர். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் சைக்கிள் சீட்டைத் தடவிப் பார்த்தார். நாலு குழியும் அப்படியே இருந்தன.

"எறங்கலயா நீ?"

"எறங்கல."

"நான் எறங்குனேன்" என்றார். "கம்பெனில சேந்த புதுசு. ஆறு வருசம். காலைல ஒரு வாட்டி, சாயங்காலம் ஒரு வாட்டி." பிறகு உள்ளே போய்ப் படுத்துவிட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தக் கதையைச் சொல்லவே மாட்டேன். அடுத்த ஞாயிறு, அதே மணி பன்னிரண்டு. நாகவல்லி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தெரு வெறிச்சோடிக் கிடந்தது. வாசல் கிரில்லுக்கு வெளியே யாரோ வந்து நிற்கிற சத்தம். பக்கத்து வீடு கட்டுவதற்காகக் கொட்டியிருந்த ஜல்லியில் கால் வைக்கிற சத்தம்.

"தண்ணி குடும்மா…"

சுப்பராயன் விருட்டென்று எழுந்தார். அவருடைய கை தோளில் கிடந்த துண்டை எடுத்தது, இடுப்புக்குக் கொண்டுபோனது. அறுபத்தெட்டு வயதுக் கை, யாரையும் கேட்காமல்.

"ஒக்காருப்பா" என்றாள் நாகவல்லி.

அவர் நின்றார். "ஒக்காருப்பா" என்றாள் மறுபடியும். அவர் உட்கார்ந்தார்.

அவள் ஒரு எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் மொண்டு, கிரில்லைத் திறந்து, வெளிப்படியில் வைத்தாள். கண்ணுக்கு யாரும் தெரியவில்லை. வெற்றிலை வாசனை மட்டும், கூடவே தீய்ந்த தோல் வாசனை. கிரில்லைச் சாத்தினாள். இரண்டு பேரும் உள்ளே உட்கார்ந்து கேட்டார்கள். மடக்… மடக்… மடக். பிறகு மணலை அள்ளிப் போட்டுத் தேய்க்கிற சத்தம். சரக்… சரக்… சரக்.

"கழுவறான்" என்றார் சுப்பராயன். "அந்த வாசல்ல நாங்க அப்டித்தான் குடிச்சிட்டு, கழுவி, கவுத்து வெச்சிட்டு வரணும்."

தம்ளரைக் கல்லில் கவிழ்க்கிற சத்தம், 'டக்'. அதன் பிறகு அந்தக் குரல், கிரில்லுக்கு வெளியே, மிகவும் தணிந்து:

"உத்தரவு வாங்கிக்கட்டுங்களா?"

நாகவல்லி அப்பாவைப் பார்த்தாள். பதில் அவர்தான் சொல்ல வேண்டும் என்று தெரிந்தது. போ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், போய்விடும் என்றும் தெரிந்தது. சுப்பராயன் நாற்காலியில் சாய்ந்தார். வலது காலைத் தூக்கி, மெதுவாக, இடது கால் மேல் போட்டார். அந்தக் கால் நடுங்கியது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

"நிக்கட்டும்" என்றார் மகளிடம்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை அசோக் அந்த வீட்டில் தங்கினான். சாப்பிட்டுவிட்டு விளக்கை அணைத்துப் படுத்தபோது வாசல் பக்கம் ஜல்லி நெரிபட்டதாம். திருடனோ என்று எழுந்தான். பெரியப்பா இருட்டில் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "படுடா, அது ஒண்ணுமில்ல" என்றார். அசோக் படுத்தான். தூக்கம் வரவில்லை. விடிய விடியக் கேட்டுக்கொண்டிருந்தான்… வெளியே, நின்ற இடத்திலேயே, வெந்துபோன ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு யாரோ மாற்றி மாற்றி நிற்கிற சத்தத்தை.